பழைய கேம்பர் லோரி: என்ன சத்தம், என்ன வாசம், எங்க பாக்கணும்

என்னோடது 1990 டொயோட்டா ஹைலக்ஸ், சிங்கிள் கேப், 2எல்னு பேர் வெச்ச டீசல் என்ஜின், 2446 சிசி, டர்போ கிடையாது. பின்னாடி தட்டைக் கழட்டிட்டு பிளைவூட்டும் அலுமினியத் தகடும் வெச்சு ஒரு பெட்டி அடிச்சிருக்கு, உள்ள ஒரு ஆள் படுக்கிற கட்டில், ஒத்த அடுப்பு, குட்டி ஐஸ்பெட்டி, கூரை மேல ஒரு 100 வாட் சோலார். நாலு வருஷமா இதுலதான் குடித்தனம். மலேசியாவுல, பேராக் மாநிலத்து பீடோருக்கு வெளிய செம்பனைத் தோட்டத்து ஓரமா, முன்ன லயம் (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடு) இருந்து இடிச்சுட்டாங்களே அந்த எடத்துல, மாரியம்மன் கோயிலுக்குப் பின்னாடி நிறுத்தியிருக்கேன், கோயில் தலைவர்கிட்ட கேட்டுட்டுத்தான். தொழில் புல்வெட்டுற மெஷின் ரிப்பேர், அதனால ஒரு வாரம் இங்க, ஒரு வாரம் துரோலாக், சிலிம் ரிவர்னு சுத்துறது, மாசத்துக்கு ரெண்டு தடவை தாப்பா வழியா கேமரன் மலை ஏறுறது.

சின்ன மெஷின் ரிப்பேர் பண்றவன்தானே, லோரிய பத்தி என்ன தெரியப்போவுதுன்னு கேட்டா நியாயம்தான். எனக்கும் ஒன்னும் தெரியாதுதான், தோட்டத்து ஸ்டோர்ல முப்பது வருஷம் ஃபிட்டரா இருந்து ரிட்டையர் ஆன மாமா ஒருத்தர் பக்கத்து தாமான்ல (குடியிருப்புல) இருக்காரு, அவர்கிட்ட திட்டு வாங்கி வாங்கி கத்துக்கிட்டதுதான் இதெல்லாம். அவரு எப்பவும் மொதல்ல கேக்குறது ஒன்னே ஒன்னு, "கடைசியா யாரு கை வெச்சா, எதுல கை வெச்சா?" அதுக்குப் பதில் சொல்லிட்டா பாதி வேலை முடிஞ்சுரும். மீதிப் பாதில, நோவு தெரியிற எடத்துல நோவு இருக்காது, அதான் இந்தப் பழைய காடிங்களோட (வண்டிங்களோட) குணம். சாமான் வாங்குறதுக்கு முன்னாடி பாருங்கன்னு சொல்றதுக்குத்தான் இவ்வளவு நீளமா எழுதுறேன்.

காலையில ஸ்டார்ட் ஆக மாட்டேங்குது

இதுலயே மூணு ஜாதி இருக்கு, காது குடுத்துக் கேளுங்க.

சாவியத் திருப்பினா "டக்"னு ஒரு சத்தம் இல்லன்னா மெதுவா முக்கி முக்கி சுத்துதுன்னா கரண்ட்டு பத்தலை. பேட்டரி செத்துப்போச்சுன்னு உடனே ஓடாதீங்க, மொதல்ல டெர்மினல்ல பச்சையா வெள்ளையா பூத்திருக்கான்னு பாத்து சுடுதண்ணி ஊத்திக் கழுவி இறுக்குங்க, அப்பறம் என்ஜின்லேந்து சேஸிக்குப் போற எர்த் வயர் இருக்கே, அந்தப் பின்னல் வயர், அதப் பாருங்க. நம்ம ஊரு மழைக்கும் தோட்டத்து செம்மண்ணுக்கும் அது உள்ளுக்குள்ளயே உளுத்துப்போயிருக்கும், வெளிய பாத்தா நல்லாத்தான் இருக்கும்.

நல்லா வேகமா சுத்துது, புகைபோக்கில வெள்ளைப் புகை வருது, ஆனா பத்திக்க மாட்டேங்குதுன்னா குளோ பிளக். டீசல் உள்ள போவுது, எரியறதுக்குச் சூடு பத்தலை, அவ்வளவுதான். பீடோர்ல ஒரு பிளக்கு செத்தா உங்களுக்குத் தெரியவே தெரியாது, இந்த வெக்கையில ரெண்டு செத்தாகூட சமாளிச்சு ஓடிரும். கேமரன் மலை மேல தானா ராத்தாவுல ஒரு ராத்திரி நிறுத்தி விடியக்காலம் திருப்பிப் பாருங்க, அப்பத் தெரியும் எத்தன செத்துக்கிடக்குன்னு. பிளக்குக்கு மேல ஓடுற தகட்டைக் கழட்டிட்டு, ஒவ்வொரு பிளக் தலைக்கும் என்ஜின் பாடிக்கும் நடுவுல மல்டிமீட்டர் வெச்சு ஓம் (மின்தடை) பாருங்க. நல்ல பிளக் ஒரு ஓம் பக்கம் இல்லன்னா அதுக்கும் கீழ காட்டும், செத்தது கரண்ட்டுக்கு வழியே இல்லன்னு (OL) காட்டும். கழட்டி நேரா பேட்டரில வெச்சு சிவக்குதான்னு பாக்குறாங்க சில பேரு, அது வேணாம், எல்லா பிளக்கும் 12 வோல்ட் கிடையாது, கம்மி வோல்ட் பிளக்கா இருந்தா கண்ணு முன்னாலயே கருகிரும்.

நல்லா சுத்துது, புகையே இல்லன்னா டீசல் வரலை. டீசல் பம்புல ஒரு சொலினாய்டு (கரண்ட்டுல டீசல் வழியத் திறந்து மூடுற வால்வு) இருக்கும், சாவிய ஆன் பண்றப்போ "டிக்"னு கேக்கணும், கேக்கலன்னா வயர் கழண்டிருக்கும் இல்லன்னா அது போயிருக்கும். டிக் கேக்குதுன்னா ஃபில்டர் தலையில இருக்குற கைப்பம்ப அமுக்குங்க, கட்டியா ஆகுற வரைக்கும். உடனே ஸ்டார்ட் ஆயி, மறுநாள் காலையில மறுபடியும் அதே கதைன்னா எங்கயோ காத்து இழுக்குது.

இந்தக் காத்து விஷயத்துலதான் நான் மூணு மாசம் பைத்தியம் மாதிரி அலைஞ்சேன். கீழ ஒரு சொட்டு டீசல் ஒழுகலை, அப்ப எப்படி லீக் இருக்கும்னு என் புத்தி. டாங்கிலேந்து பம்பு வரைக்கும் டீசல உறிஞ்சித்தான் இழுக்குது, அந்தப் பக்கம் ஓட்டை இருந்தா டீசல் வெளிய வராது, காத்துதான் உள்ள போவும். பம்புக்குள்ள போற பைப்புல அரை முழத்துக்கு கண்ணாடி மாதிரி தெரியிற ரப்பர் டியூப்ப மாட்டிட்டு என்ஜின ஓட விட்டுப் பாருங்க, காத்து முட்டை முட்டையா போனா ஓட்டை இருக்கு. அப்பறம் ஒவ்வொரு ரப்பர் பைப்பா அமுக்கிப் பாத்துக்கிட்டே டாங்கி வரைக்கும் போங்க. என்னோடதுல ஃபில்டருக்கு முந்துன பைப்பு, வெளிய பாத்தா கருகருன்னு நல்லா இருந்துச்சு, விரல்ல அமுக்கினா பழுத்த வாழப்பழம் மாதிரி கொழகொழன்னு ஆயிருச்சு. நம்ம நாட்டு எண்ணெய் நிலையத்துல ஊத்துற டீசல்ல செம்பனை எண்ணெயில செஞ்ச பயோடீசல் கலந்துதான் வருது, 2019லேந்து 10 சதவீதம். பழைய காலத்து ரப்பருக்கு அது ஆகாது, ஊறி உப்பி இளகிப்போயிரும். அப்பா செம்பனைக் குலை வெட்டுன தோட்டத்து எண்ணெய் மவன் காடி பைப்ப தின்னுதுன்னு மாமா சொல்லிச் சொல்லி சிரிப்பாரு. பயோடீசலுக்குத் தாங்குற பைப்புன்னு கேட்டு வாங்குங்க, மீட்டருக்கு ரெண்டு மூணு வெள்ளி (ரிங்கிட்) கூட வரும், பரவால்ல.

மேட்டுல இழுக்கலை, சமவெளில ஒன்னும் தெரியலை

ஃபில்டர். அதுலயும் பயோடீசல் பழைய டாங்கிக்குள்ள வருஷக்கணக்கா ஒட்டிக்கிடந்த அழுக்கக் கழுவிக் கொண்டாந்து ஃபில்டர்ல சேத்துரும், அதனால ஒரு ஃபில்டர் மாத்தி ரெண்டே மாசத்துல மறுபடியும் அடைச்சா பயப்படாதீங்க. ஃபில்டர் அடியில ஒரு திருகு இருக்கும், மாசத்துக்கு ஒருக்கா ஒரு கண்ணாடி போத்தல்ல கொஞ்சம் புடிச்சுப் பாருங்க. அடியில தண்ணி தனியா நிக்கும். கருப்பா சளி மாதிரி ஏதாவது மெதந்துச்சுன்னா டாங்கியக் கழட்டிக் கழுவுற வேலை இருக்கு.

காடிய ரொம்ப நாள் நிறுத்துறதா இருந்தா டாங்கிய நெறச்சு வெச்சா உள்ள காத்து கம்மி, தண்ணி கோக்குறதும் கம்மி. 2024 ஜூன் 10ல டீசல் 2.15 வெள்ளிலேந்து ஒரே நாள்ல 3.35க்கு ஏறுனப்போ இந்த நல்ல பழக்கத்த விட்டுட்டேன், விட்ட ஆறாவது மாசம் ஃபில்டர்ல தண்ணி.

கருப்புப் புகையோட இழுக்கலன்னா காத்து ஃபில்டரப் பாருங்க, பழைய தலகாணியத் தட்டுன மாதிரி தூசி இருக்கும்.

ஏத்தத்துல சூடு ஏறுது

தாப்பாலேந்து தானா ராத்தா வரைக்கும் பழைய ரோட்டுல கிட்டத்தட்ட 60 கிலோமீட்டர், கடல் மட்டத்துக்குக் கொஞ்சம் மேல ஆரம்பிச்சு 1,400 மீட்டருக்கு மேல போவுது, முழுக்க வளைவு. காடிக்கு ரத்தப் பரிசோதனை பண்ணணும்னா இந்த ரோட்டுல ஒருக்கா ஏத்துங்க போதும். லாத்தா இஸ்கண்டார் அருவி கிட்ட பானட்டைத் திறந்து வெச்சுக்கிட்டு நிக்கிறவங்கள எப்பவும் பாக்கலாம், நானும் நின்னிருக்கேன், பக்கத்துல பெத்தாய்க் காய் விக்கிற அக்கா "இன்னிக்கும் நீயா தம்பி"ன்னு கேக்குற அளவுக்கு.

எப்ப சூடு ஏறுதுன்னு கவனிங்க, அதுலதான் விடை இருக்கு. மெதுவா போறப்போ, ஜேம்ல நிக்கிறப்போ மட்டும் ஏறுது, ஓட ஆரம்பிச்சா எறங்குதுன்னா ஃபேன். என்ஜின் சூடா இருக்குறப்போ நிறுத்திட்டு (நிறுத்திட்டு!) கையால ஃபேனச் சுத்தி விடுங்க, கொஞ்சம் பிசுபிசுன்னு புடிச்சு நிக்கணும், பம்பரம் மாதிரி சுத்துச்சுன்னா நடுவுல இருக்குற கப்ளிங் எண்ணெய் போயிருச்சு. ஹைவேயில ஓடுறப்போவே ஏறுதுன்னா ரேடியேட்டர் அடைப்பு, உள்ளயோ வெளியவோ. வெளிய அடைப்ப யாரும் பாக்குறதில்ல, தோட்டத்துல ஓடுற காடிக்கு செம்பனைப் பூத் தூசியும் பூச்சியும் சேந்து ரேடியேட்டர் இடுக்குல ஒரு பாய் மாதிரி படிஞ்சிருக்கும், என்ஜின் பக்கத்துலேந்து வெளிப்பக்கமா மெதுவா தண்ணி அடிச்சா வர்ற சேறப் பாத்து நீங்களே வெக்கப்படுவீங்க.

மூணாவது ஜாதிதான் மோசம். இன்னும் சூடேறாத என்ஜின், இப்பத்தான் ஸ்டார்ட் பண்ணீங்க, ஒரு நிமிஷத்துலயே மேல் ரப்பர் பைப்பு கல்லு மாதிரி ஆவுது, மூடியத் திறந்து வெச்சு ஸ்டார்ட் பண்ணா விடாம காத்து முட்டை வருது, தண்ணி கொறையுது ஆனா கீழ ஒழுகலை. அது ஹெட் கேஸ்கெட் (என்ஜின் தலைக்கும் பிளாக்குக்கும் நடுவுல இருக்குற தகடு) போயிருக்கு, இல்லன்னா ஹெட்டே வெடிப்பு விட்டிருக்கு. இந்த என்ஜினுக்கு ஒரு தடவை நல்லா சூடு ஏத்துனாலே ஹெட் வெடிக்கலாம், அதனால சூட்டு மீட்டர் ஊசி நடுவத் தாண்டுனா "இன்னும் ஒரு வளைவுதான்"னு ஓட்டாதீங்க, நிறுத்துங்க. சூடா இருக்குறப்போ மூடியத் திறக்காதீங்க, இத நான் சொல்லித்தான் தெரியணும்னு இல்ல.

அப்பறம் தெர்மோஸ்டேட், சூட்டைப் பாத்து ரேடியேட்டருக்குத் தண்ணிய விடுற வால்வு. "நம்ம ஊருக்கு அது தேவையில்ல, கழட்டிப் போட்டா குளுகுளுன்னு ஓடும்"னு சொல்ற ஃபோர்மேன் ஊருக்கு ரெண்டு பேரு இருக்காங்க. என் காடிய வாங்குறப்போவே அதுல தெர்மோஸ்டேட் இல்ல. பைபாஸ் வழி வெச்ச என்ஜின்ல அந்த வழிய மூடுறதே தெர்மோஸ்டேட்தான், அதக் கழட்டுனா பாதித் தண்ணி ரேடியேட்டருக்குப் போகாமலே குறுக்கு வழியில என்ஜினுக்குத் திரும்பிரும். சும்மா ஓடுறப்போ குளிர்ச்சி, ஏத்தத்துல சூடு. திருப்பி மாட்டுன பிறகு லாத்தா இஸ்கண்டார்ல நான் நிக்கிறது சாயாவுக்கு மட்டும்தான்.

பிரேக் மரக்கட்டை மாதிரி இருக்கு, கூடவே சார்ஜ் லைட்டு மங்கலா எரியுது

ரெண்டையும் ஏன் ஒன்னா எழுதுறேன்னா, நான் ரெண்டையும் தனித்தனின்னு நெனச்சுத்தான் ஏமாந்தேன்.

மொதல்ல சார்ஜ் லைட்டு. ராத்திரி மட்டும் தெரியிற மாதிரி லேசா செவப்பா. ஒரு கடையில காட்டுனேன், பேட்டரி வீக்குன்னு புதுசு மாத்தி 280 வெள்ளி வாங்கிட்டாங்க. ரெண்டு வாரம் கழிச்சு லைட்டு திரும்ப வந்துச்சு. அதுக்கடுத்த மலைப் பயணத்துல எறங்குறப்போ பிரேக் மிதிச்சா கால் எறங்க மாட்டேங்குது, செவுத்த மிதிக்கிற மாதிரி, காடி நிக்குது ஆனா ரெண்டு கால வெச்சு மிதிக்கணும். ரெண்டாவது கியர்லயே உருட்டிக்கிட்டு தாப்பா வந்து சேந்தேன், சட்டை முழுக்க வேர்வை, அந்தக் குளிர்லயும்.

மாமா வந்தாரு. எதையும் கழட்டல. ஆல்டர்னேட்டர் (பேட்டரிக்கு சார்ஜ் ஏத்துற மெஷின்) பின்பக்கம் விரல விட்டுத் தடவி, எடுத்து மோந்து பாத்து, என் மூக்குக்கு நேரா நீட்டுனாரு. என்ஜின் எண்ணெய். "மாப்ள, பெட்ரோல் காடிக்கு என்ஜின் உறிஞ்சுற காத்துலயே பிரேக்க லேசாக்குற வேக்கம் (உறிஞ்சுற இழுப்பு) கெடைக்கும். டீசலுக்கு அது இல்ல. அதனால தனியா ஒரு பம்பு வெப்பான், இந்தக் காடியில அத ஆல்டர்னேட்டர் முதுகுல வெச்சிருக்கான். அதுக்கு என்ஜின் எண்ணெய்தான் சாப்பாடு. சீல் போச்சுன்னா எண்ணெய் முன்னால வந்து கார்பன் பிரஷ்ஷ நனைக்கும், சார்ஜ் போவும். பம்பு தேஞ்சா வேக்கம் போவும். ரெண்டு நோவும் ஒரே வீட்டுலதான்டா குடியிருக்கு."

நீங்க சோதிக்கிறதுக்கு: என்ஜின் நிறுத்திட்டு பிரேக்க அஞ்சாறு தடவை மிதிங்க, கட்டியா ஆயிரும். கால எடுக்காம அழுத்திப் புடிச்சுக்கிட்டே ஸ்டார்ட் பண்ணுங்க. மிதி ஒரு அங்குலமாவது தானா கீழ எறங்கணும். எறங்கலன்னா வேக்கம் வரலை. அப்ப வரிசையா பாக்கணும், தடி ரப்பர் பைப்பு வெடிச்சிருக்கா, அதுல இருக்குற ஒருவழி வால்வு ஒரு பக்கம் மட்டும் ஊத விடுதா, பூஸ்டர்ல (வேக்கத்த வெச்சு பிரேக் மிதிய லேசாக்குற டப்பா) "உஸ்"னு சத்தம் வருதா, கடைசியா பம்பு. எனக்கு பம்பும் சீலும் பிரஷ்ஷும் சேத்து மாத்துனது, சாமான் ஈப்போ பொட்டோங் கடையில (பழைய வண்டிய வெட்டி சாமான் விக்கிற கடை), கூலி மாமாவுக்கு ரெண்டு வேளை வாழ இல சாப்பாடு. பொட்டோங் கடையில வாங்குறப்போ ஆல்டர்னேட்டர் முதுகப் பாத்து வாங்குங்க, பெட்ரோல் காடியோடதுல பம்பு இருக்காது, ஆனா மூஞ்சி ஒரே மாதிரி இருக்கும்.

இது வேற, மிதிச்சா பஞ்சு மாதிரி கீழ போவுதுன்னா அது வேற. எறக்கத்துல கொஞ்ச நேரம் கழிச்சு மட்டும் பஞ்சாவுது, ஆறுனா சரியாவுதுன்னா பிரேக் எண்ணெய் கொதிக்குது. டாட் 3 எண்ணெய் புதுசுல 205 டிகிரி வரைக்கும் தாங்கணும்னு கணக்கு, ஈரம் இழுத்துட்டா 140 போதும் கொதிக்க. நம்ம ஊரு ஈரத்துக்கு ரெண்டு வருஷத்துக்கு ஒருக்கா மாத்திருங்க. ஏறுன கியர்லயே எறங்குங்க.

பின்பக்கம் தொங்குது, ஸ்டேரிங் லேசா மெதக்குது

சாமான எடுத்து வெளிய வெச்சு எடை போடுங்க, வேற வைத்தியம் கிடையாது. தண்ணி ஒரு லிட்டர் ஒரு கிலோ, 60 லிட்டர் டாங்கிய பின் ஆக்ஸிலுக்கும் பின்னால வெச்சா முன்சக்கரம் மேல எழும்பத்தான் செய்யும். நான் தண்ணிய கட்டிலுக்கு முன்பக்கம், கேபின் முதுகை ஒட்டி மாத்துனேன், அதுலயே ஸ்டேரிங் சரியாச்சு. அமெரிக்காவுல இதே ஹைலக்ஸ் சைஸ் சேஸி மேல வீடு மாதிரி பெட்டி கட்டி 70, 80கள்ல நெறைய வித்தாங்க, பழைய வண்டிங்கள்ல அஞ்சு நட்டு ஆக்ஸில் அந்த எடை தாங்காம, பிறகு ஆறு நட்டு கன ஆக்ஸில் மாத்திக் குடுத்த கதை உண்டு. இன்னிக்கும் அங்க பழசு வாங்குறவங்க மொதல்ல சக்கரத்து நட்டத்தான் எண்ணுவாங்களாம்.

இங்க நம்ம ஆளுங்க ஒரு பட்டை ஸ்ப்ரிங் கூட சொருகி தூக்கிருவாங்க. தப்பில்ல, நானும் செஞ்சேன், ஆனா செஞ்ச மூணாவது மாசம் முன் பிரேக் பேடு தேஞ்சு இரும்பு உரசுது. பின் ஆக்ஸில்லேந்து ஒரு கம்பி மேல போயி சேஸியில ஒரு வால்வுல மாட்டியிருக்கும் பாருங்க, பின்பக்கம் எவ்வளவு அமுங்குதுன்னு பாத்து பின் பிரேக்குக்கு எவ்வளவு எண்ணெய் அழுத்தம் விடணும்னு முடிவு பண்றது அதுதான். ஸ்ப்ரிங்க தூக்கிட்டு கம்பிய சரிபண்ணலன்னா அது "லோரி காலி"ன்னு நெனச்சுக்கிட்டு பின் பிரேக்க கொறச்சிரும், முன்சக்கரம் மட்டும் எல்லா பாரத்தையும் நிறுத்தும். ஸ்ப்ரிங் அடிச்ச கடையில கம்பியப் பத்தி ஒரு வார்த்தை சொல்லலை.

டயர்ல நாலு நம்பர் பாருங்க, 2319னா 2019ல 23வது வாரம் செஞ்சது. பூ (டயர் மேல இருக்குற வெட்டு) நல்லா இருக்குன்னு பத்து வருஷ டயர்ல ஏறாதீங்க, நின்ன எடத்துலயே கனத்த சொமந்துக்கிட்டு நிக்கிற டயர் பக்கவாட்டுல வெடிப்பு விட்டிருக்கும். பெட்டி கட்டுன பிறகு ஜேபிஜே (சாலைப் போக்குவரத்து இலாகா), புஸ்பகோம் (வண்டி சோதனை நிலையம்) வேலையையும் முடிச்சு வெச்சுக்கோங்க, இல்லன்னா ரோட் பிளாக்ல நிறுத்துறப்போ கதை சொல்லி மாளாது.

பெட்டிக்குள்ள ஈரம்

மொதல்ல இது மழையா, உங்க மூச்சான்னு பாருங்க. மழையே இல்லாத ராத்திரி, காலையில கண்ணாடி, ஜன்னல் இரும்பு, ஆணித் தலை எல்லாத்துலயும் சமமா முத்து முத்தா இருந்தா மூச்சும் சோறு வடிச்ச ஆவியும்தான். கேமரன்ல குளிருதுன்னு எல்லாத்தையும் மூடிட்டுப் படுத்தா இதான் நடக்கும். கீழ ஒன்னு, மேல ஒன்னு ரெண்டு வழி திறந்திருக்கணும், ஒரு வழி மட்டும் இருந்தா காத்து உள்ள வந்து அங்கயே நிக்கும். குளிருக்கு என்ஜின ஓட விட்டுட்டு ஹீட்டர் போட்டுத் தூங்குறது மட்டும் வேணவே வேணாம், அந்தப் புகையில இருக்குற கார்பன் மோனாக்சைடு விஷ வாயுவுக்கு வாசம் இல்ல, எழுப்பாது.

மழைக்குப் பிறகு ஒரே எடத்துல, டீத்தண்ணி நெறத்துல ஒரு கோடு எறங்குதுன்னா லீக். அந்தக் கோட்டுக்கு நேர் மேல ஓட்டை இருக்கும்னு நம்பாதீங்க. என் தலமாட்டுல சொட்டுன தண்ணிக்கு நான் தலமாட்டு மூலைய மூணு தடவை சிலிக்கோன் பூசுனேன். கடைசியில ஓட்டை இருந்தது கால்மாட்டுல, சோலார் வயர் உள்ள எறங்குற துளை. கூரைக்கடியில ஒரு சட்டம் முன்னும் பின்னுமா போவுது, கோயில் பின்பக்கம் நிலம் முன்னால சரிவு, தண்ணி அந்தச் சட்டத்து மேல ஏறி ஆறடி நடந்து வந்து என் நெத்தியில விழுந்துச்சு.

கண்டுபுடிக்க ரெண்டு ஆளு வேணும். ஒருத்தர் உள்ள டார்ச்சோட, ஒருத்தர் வெளிய பைப்போட. கீழேந்து ஆரம்பிச்சு மேல போங்க, ஒரு எடத்துல பத்து நிமிஷம் நனைச்சிட்டு அப்பறம்தான் அடுத்தது. மேலேந்து அடிச்சா தண்ணி எல்லா எடத்துலயும் வழிஞ்சு ஒன்னும் புரியாது. எங்க அக்கா மவன உள்ள விட்டு செஞ்சேன், "மாமா இங்க வருது மாமா"ன்னு அவன் கத்துனப்போ நான் கால்மாட்டுல நிக்கிறேன், அவன் தலமாட்டக் காட்டுறான், அப்பத்தான் எனக்கு உறைச்சுச்சு.

சிலிக்கோன பத்தி ஒரு வார்த்தை, வேணாம். ஒருக்கா பூசுன எடத்துல அது உரிஞ்ச பிறகும் கண்ணுக்குத் தெரியாத ஒரு பசை மிச்சமிருக்கும், அது மேல வேற எதுவும் ஒட்டாது, புது சிலிக்கோன்கூட ஒழுங்கா ஒட்டாது. நான் மூணு தடவை பூசுனதச் சுரண்டி எடுக்க ரெண்டு நாள் ஆச்சு. தகடும் தகடும் சேர்ற எடத்துக்கு பியூட்டைல் டேப்பு, கருப்பா மெல்லுற கம் மாதிரி இருக்கும், வெச்சு ஆணி இறுக்குனா பிதுங்கும், பிதுங்குனத வெட்டிரலாம். ஓரத்துக்கு பாலியூரிதேன் சீலன்ட்டு. ஆணியக் கழட்டி ஓட்டைக்குள்ளயும் வெச்சுட்டு மாட்டுங்க, தலை மேல பூசுறது கண்ணு துடைப்பு.

பிளைவூட் உளுத்துருச்சான்னு பாக்க ஸ்க்ரூடிரைவர் முனையால குத்துங்க, பிஸ்கோத்து மாதிரி போனா அத வெட்டி எடுக்காம மேல பூசி பிரயோஜனம் இல்ல.

ராத்திரி ஐஸ்பெட்டி தானா நிக்குது

பேட்டரிக்கு ஓய்வு குடுத்து, எல்லாம் அணைச்சு ரெண்டு மூணு மணி நேரம் கழிச்சு வோல்ட் பாருங்க. ஈய பேட்டரின்னா 12.7 பக்கம் முழுசு, 12.2 பாதி, பாதிக்குக் கீழ அடிக்கடி எறக்குனா பேட்டரி ஆயுசு கொறையும். காலையில 12.5 இருக்கு, ஆனாலும் ஐஸ்பெட்டி நின்னுருச்சுன்னா பேட்டரியத் திட்டாதீங்க, வயரத் திட்டுங்க. ஐஸ்பெட்டி ஓடுறப்போ ஒரு தடவை பேட்டரில, ஒரு தடவை ஐஸ்பெட்டி பின்னால பிளக்குல, ரெண்டு எடத்துலயும் வோல்ட் பாருங்க. எனக்கு ஐஸ்பெட்டி பேட்டரி கேபின் சீட்டுக்கடியில, 1.5 சதுர மில்லிமீட்டர் வயர்ல ஆறு மீட்டர் இழுத்திருந்தேன், வீட்டு லைட்டு வயர் மிச்சம் இருந்துச்சுன்னு. போக வர 12 மீட்டர், ஐஸ்பெட்டி 5 ஆம்ப்பியர் இழுத்தா வழியிலயே 0.7 வோல்ட் காணாமப்போவுது. ஐஸ்பெட்டி பேட்டரி செத்துட்டு வருதுன்னு நெனச்சு தன்னைத்தானே அணைச்சுக்குது. 6 சதுர மில்லிமீட்டர் வயர் மாத்துனேன், 0.2 கூட கொறையல. பேட்டரிகிட்டயே ஃபியூஸ் போடுங்க, மறுமுனையில போட்டா நடுவுல வயர் உரசி பத்துறப்போ அது சும்மா வேடிக்கை பாக்கும்.

காஸ் வாசம்

காஸ் காத்த விட கனம், தரையில தேங்கும், கட்டில்ல படுத்திருக்குற மூக்குக்கு லேட்டாத்தான் வரும். லைட்டு, ஃபேன் சுவிட்ச் எதையும் தொடாம கதவத் திறந்து எறங்கிருங்க. தோங் (காஸ் சிலிண்டர்) இருக்குற அலமாரிக்கு தரையில ஒரு ஓட்டை இருக்கணும், வெளிய போற மாதிரி. சோப்புத் தண்ணி தடவி ரெகுலேட்டர், ரப்பர் பைப்பு, அடுப்பு முனை மூணையும் பாருங்க. மினி அடுப்பு டின்ன மத்தியான வெயில்ல மூடுன பெட்டிக்குள்ள விட்டுட்டுப் போகாதீங்க, நான் இப்ப நெழல்ல வெளிப்பெட்டியில வெக்கிறேன்.

சிக்னல் படபடன்னு அடிக்குது, ஹார்ன் அடிக்கல, இன்னும் என்னென்னமோ

ஒரே காலையில சம்பந்தமில்லாம ரெண்டு மூணு விஷயம் போச்சுன்னா எலி. செம்பனைத் தோட்டத்துல எலிக்குக் கொறச்சல் இல்ல, நம்ம பானட்டுக்குள்ள ராத்திரி சூடு இருக்கும், வயர் உறை பல்லுக்குப் பதமா இருக்கும். பேட்டரிக்கடியில செம்பனைப் பழம் கடிச்ச கொட்டை கெடந்தா அதான் சாட்சி. ராத்திரி பானட்டைத் திறந்தே வெச்சுருங்க, சூடும் நிக்காது, மறைவும் இருக்காது. விஷம் வெச்சா அது உள்ளயே செத்து நாறும், அதோட தோட்டத்துல எலி புடிக்கிறதுக்குன்னே கம்பம் நட்டு ஆந்தைக்குப் பெட்டி வெச்சிருக்காங்க, விஷம் தின்ன எலிய அது தின்னா அதுக்கும் ஆபத்து. நான் லோரிய நகத்தி அந்த ஆந்தைப் பெட்டிக் கம்பத்துக்குப் பக்கத்துலயே நிறுத்திட்டேன். எலி போச்சு, ஒரு மாசம் ஒரு வயர் அறுகலை.

சோலார் மத்தியானத்துலயே பாதிதான் குடுக்குது

பேனல் வயச பாத்தேன், கண்ட்ரோலரப் பாத்தேன், கனெக்டரக் கழட்டிச் சுரண்டுனேன், வயர இழுத்துப் பாத்தேன். நல்ல வெயில்ல 5 ஆம்ப்பியர் வரவேண்டியது 2 தான் வருது. மாமாவ கூப்புட்டேன். அவரு ஏணிகூட ஏறல, அண்ணாந்து கம்பத்தப் பாத்தாரு, என் கூரையப் பாத்தாரு, "ராத்திரி உன் கூரை மேலதான்டா உக்காந்து எலி பாக்குது"ன்னாரு. மேல ஏறிப் பாத்தா பேனல் நடுவுல வெள்ளையா, தட்டு அகலத்துக்கு, காஞ்சு கெடக்கு, பக்கத்துல ஒரு எலி வாலு. ஈரத்துணியால தொடைச்சேன், 4.8. இப்ப தெனம் காலையில ஸ்டார்ட் பண்றதுக்கு முன்னாடி வாளியோட ஏணி ஏறுறேன்.